வாங்கிய இடம்

எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டுவதென்று முடிவாகியிருக்கிறது. கும்பகோணத்தில் அப்பா 1986-ல் கட்டிய வீடு. கடப்பைக்கல் மேடை நடுவில் விரிந்து, விரிசலில் எறும்பு குடியேறியிருக்கிறது. மேஸ்திரியின் கணக்கு ஒரு பக்கம் இருக்க, உள்ளே வர வேண்டிய சாதனங்களுக்கும் ஒரு பட்டியல் தயாராயிற்று. மேடையில் பதிக்கிற அடுப்பு, அதன் தலைக்கு மேல் புகையை உறிஞ்சும் சிம்னி, கிரைண்டர், மிக்ஸி, குக்கர். பட்டியலில் தகராறு இல்லை. "எல்லாம் சரிங்க, எங்க வாங்குறது?" என்று என் மனைவி கேட்டதில்தான் சிக்கல் தொடங்கியது.

பதில் தெரியாதபோது பெரியவர்களைக் கேட்பது வழக்கம். பழைய சாமான்களைக் கூடத்தில் இறக்கிவைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன்.

"இந்தக் குக்கர் எங்கம்மா வாங்கினது?"

"அது எங்க அப்பா சீர்ல வச்சது."

"கிரைண்டர்?"

"உங்க அப்பா கோயம்புத்தூர் போனப்ப பார்சல் போட்டுட்டு வந்தாங்க."

"மிக்ஸி?"

"தவணையில. அவுங்க ஆபீஸ்ல எல்லாரும் வாங்கினாங்க."

"காஸ் அடுப்பு?"

"ஏஜென்சியில கொடுத்தது. அதத்தான் வாங்கணும்னுட்டான்."

ஒவ்வொன்றுக்கும் விலை சொன்னாள், வருஷம் சொன்னாள், எத்தனை முறை பழுதுபார்த்தது என்பதும் சொன்னாள். ஒன்றுக்காவது கடையைப் பார்த்திருக்கவில்லை. 1983-ல் கல்யாணமாகி வந்தவள். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தச் சாதனங்களோடு வேலை செய்திருக்கிறாள். அவற்றில் எதுவும் அவள் தேர்ந்து வாங்கியதல்ல. கடைசியாக எவர்சில்வர் தூக்குகளையும் சம்புடங்களையும் காட்டி, "இதெல்லாம் நான் வாங்கினது, திண்ணையில" என்றாள். குரலில் ஒரு மாற்றம் இருந்தது.

இதில் ஒரு சரித்திரம் இருப்பதாக எனக்குப் பட்டது. இந்தப் பத்திரிகையின் பக்கங்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். நம்மிடையே சரித்திரம் என்றால் கல்வெட்டு, அல்லது காங்கிரஸ். நம் சிறுகதைகளில் காபியின் ஆவி பக்கத்துக்குப் பக்கம் எழும்புகிறது; அந்த டபராவை யார், எங்கே, என்ன பேரம் பேசி வாங்கினார்கள் என்பது வருவதே இல்லை. யதார்த்தவாதம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதிலும் சாமான்கள் எல்லாம் ஏற்கனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

மின்சாரத்துக்கு முந்தைய சமையலறையில் இருந்தவை கல்லும் உலோகமும் மண்ணும். அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றும் தலைமுறைக்கு ஒரு முறை வாங்குகிறவை. கல் தேய்ந்து வழுவழுப்பானால் அதைக் கொத்துகிறவர் உளியும் சுத்தியலுமாகத் தெருவுக்கே வருவார். பித்தளைக்கு ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு வந்து தெரு முனையில் பள்ளம் தோண்டி நெருப்பு மூட்டுவார். கடை வாசலுக்கு வந்தது. வாசலில் நின்று பேசியவர்கள் பெண்கள். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பேர்போன எங்கள் ஊரில் பாத்திரக்கடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் கடைக்குப் போவது கல்யாணத்துக்கு ஜாமான் எடுக்க மட்டுமே. அன்றாடப் பராமரிப்பும் சில்லறைக் கொள்முதலும் வாசலோடு முடிந்துவிடும்.

எவர்சில்வர் வந்தபோதும் இந்த ஏற்பாடு குலையவில்லை. மாறாக உச்சத்துக்குப் போயிற்று. பழைய பட்டுப்புடவை, ஜரிகை வேட்டி, பேண்ட் சட்டை எதையும் எடுத்துக்கொண்டு பாத்திரம் கொடுக்கும் கூடைக்காரிகள் மத்தியானத்தில், ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள். இந்தப் பேரத்தைச் சிறுவனாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அம்மா பாத்திரத்தைக் கையில் எடுத்து எடை பார்ப்பாள். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி ஓசையைக் கேட்பாள். விளிம்பைப் பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவுவாள். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் எஃகுத் தகடு உருட்டத் தொடங்கிய பிறகு 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்ற முத்திரைக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது. அம்மா முத்திரையைப் படிப்பாள், பிறகும் தட்டிப் பார்ப்பாள். ஒரு புடவை மூன்று முறை கூடைக்குள் போய் மூன்று முறை வெளியே வரும். அது ஒரு விமர்சனப் பயிற்சி. என் பி.ஏ. இங்கிலீஷ் வகுப்பில் அவ்வளவு கறாராக எதையும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுதான் அந்தச் சந்தைக்கு ஆதாரம். வாங்குகிறவளின் அறிவும் விற்கிறவளின் அறிவும் ஏறக்குறைய சமம். மோட்டார் வந்ததும் இது போயிற்று. உள்ளே செம்புக் கம்பி எத்தனை சுற்று என்பதை எந்த விரல் முட்டியும் சொல்லாது. தட்டிய ஓசை இருந்த இடத்தில் உத்தரவாத அட்டை வந்தது. அட்டையில் கடை முத்திரையும் கையெழுத்தும் வேண்டும். அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துவது வீட்டு ஆண்களின் காரியமாயிற்று.

குக்கர் இதில் ஒரு நடுக்கட்டம். டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி வெளிநாட்டுச் சாமான்களுக்கு ஏஜென்சி எடுத்து விநியோகம் செய்துவந்தது. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகவே, ஏஜென்சிக்காரர்கள் உற்பத்தியாளர்களாக மாற நேர்ந்தது. இங்கிலாந்தின் பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் 1959-ல் குக்கர் செய்யத் தொடங்கினார்கள். அதே வருஷம் பம்பாயில் ஹாக்கின்ஸ் தொடங்கியது. இந்த இரண்டு பெயர்களே நம் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பின்னால் எழுதப்படாமல் இருந்தவை. குக்கருக்கு மோட்டார் கிடையாது. பாத்திரக்கடையிலேயே விற்றது, விற்கிறது. காஸ்கெட்டும் வெயிட்டும் அங்கேயே கிடைக்கும். ஆகவே குக்கரைப் பெண்கள் பாத்திரமாக ஏற்று, அதன் விசிலைக் காலக் கணக்காகவே வைத்துக்கொண்டார்கள். ஆனால் முதல் குக்கர் சீர்வரிசையில் வந்தது. பெண்ணின் தகப்பனார் வாங்குகிறார், மாப்பிள்ளை வீட்டார் பார்வையிடுகிறார்கள், பெண் சமைக்கிறாள். எந்தக் கம்பெனி என்பதைச் சம்பந்தி தீர்மானித்த கல்யாணங்கள் எனக்குத் தெரியும்.

கிரைண்டரின் கதை நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததோடு கோயம்புத்தூரில் மில்கள் பெருகின. மில்களைச் சுற்றி வார்ப்படப் பட்டறைகளும் பம்ப்செட், மோட்டார் தயாரிப்பும் வளர்ந்தன. ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் 1937-ல் மோட்டார் உள்ளூரிலேயே செய்யப்பட்டது. ஆட்டுக்கல்லை மோட்டாரோடு சேர்ப்பது என்ற எண்ணம் இந்த ஊரில் தோன்றியதில் வியப்பில்லை. 1955-ல் பி. சபாபதி என்பவர் அதைச் செய்தார். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கல் நிற்கும். கிரைண்டரில் பாத்திரமாகிய கல் சுற்றும், குழவி நிலையில் இருக்கும். இந்தத் தலைகீழ் மாற்றத்தில்தான் கையின் வேலை ஒழிந்தது. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல். 2006-ல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தச் சாதனம் முதலில் வீட்டுக்குள் வரவில்லை, தெருவுக்கு வந்தது. ஓட்டலுக்கும் மாவு அரைத்துக் கொடுக்கும் கடைக்குமான பெரிய இயந்திரம் அது. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்கில் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று அரைத்து வருவார்கள். அம்மா அப்படிப் போனவள்தான். அந்த வரிசையில் நின்ற பெண்களுக்கு எந்தக் கல் நைசாக அரைக்கும், எந்த இயந்திரம் மாவைச் சூடாக்கும், மோட்டார் எப்போது உறுமும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. கடையின் முன்னால் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு இயந்திர அறிவு சேர்ந்துகொண்டிருந்தது. பிறகு கிரைண்டர் சிறுத்து வீட்டுக்கு வந்தபோது அந்த அறிவை யாரும் கேட்கவில்லை. 1991-ல் இலாகா வேலையாகக் கோயம்புத்தூர் போன அப்பா, கணபதியில் ஒரு பட்டறையில் கிரைண்டர் வாங்கி லாரி பார்சலில் போட்டுவிட்டு வந்தார். அதில் அவருக்கு ஒரு வெற்றிக் களிப்பு. அம்மா ஒரு ஈடு அரைத்துப் பார்த்துவிட்டு, "கல்லு கொத்தினது பத்தல" என்றாள். முப்பது வருஷம் அதில்தான் அரைத்தாள்.

மிக்ஸி பம்பாய்ச் சரக்கு. சீமன்ஸில் பொறியாளராக இருந்த எஸ்.பி. மாத்தூர் வீட்டில் ஜெர்மன் ப்ரான் மிக்ஸி நம் ஊர் அரைப்புக்குத் தாங்காமல் நின்றுபோக, இந்தியச் சமையலுக்கேற்ற மோட்டாரோடு சுமீத் செய்யப்பட்டது என்பது பலரும் அறிந்த கதை. கம்பெனி தொடங்கியது 1963-ல். உலர்ந்த மஞ்சளும் ஊறிய உளுந்தும் ப்ரானின் கற்பனையில் இருந்திருக்காது. பழுதானதும் மாத்தூரின் மனைவியின் சமையலறையில்தான். அங்கிருந்து கடைவரை அந்தக் கேள்வி வந்துசேர்ந்ததே பெரிய காரியம்.

இனி தவணை. வி.ஜி. பன்னீர்தாஸின் வி.ஜி.பி. தமிழ்நாட்டில் தவணை வியாபாரத்தைப் பரவலாக்கியது. கடிகாரத்திலும் ரேடியோவிலும் தொடங்கி வீட்டுச் சாதனங்கள்வரை அது போயிற்று. அங்கே விற்பனையாளராக இருந்த எச். வசந்தகுமார் 1978-ல் தியாகராய நகரில் வசந்த் அண்ட் கோ தொடங்கினார். விவேக்ஸ் அதற்கு முன்பே, 1965-ல் தொடங்கப்பட்டிருந்தது. பாத்திரக்கடையும் மின்சாதனக் கடையும் பிரிந்துபோனது இந்தப் பதினைந்து வருஷத்தில்தான். பாத்திரக்கடையில் தரையில் உட்கார்ந்து எடை போட்டு வாங்கலாம். புதுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் சாமான் இருக்கும், முன்னால் மேஜையில் ஒருவர் விண்ணப்பத்தாளோடு உட்கார்ந்திருப்பார்.

அந்தத் தாளைப் பற்றி ஒரு வங்கிக் குமாஸ்தாவாக எனக்குச் சொல்ல இருக்கிறது. தெருக் கடையில் கடன் என்பது முகத்துக்குக் கொடுப்பது. நோட்டில் பெயர் எழுதிக்கொள்வார்கள். தவணைக் கடையில் சம்பளத்துக்குக் கொடுத்தார்கள். சம்பளச் சான்றிதழ், இரண்டு ஜாமீன்தாரர்கள். ஜாமீன்தாரர்களும் மாதச் சம்பளக்காரர்களாக இருக்க வேண்டும், அரசாங்க உத்தியோகம் உசிதம். சம்பளம் ஆண்களிடம் இருந்ததால் தேர்வும் அவர்களிடம் போயிற்று. எந்தக் கடை என்பது எந்தக் கடை ஆபீஸுக்கு ஆள் அனுப்புகிறதோ அந்தக் கடை. அம்மாவின் மிக்ஸி 1987-ல் அப்படி வந்ததுதான். தபால் ஆபீஸில் பதினொரு பேர் ஒரே நிறத்தில் ஒரே மிக்ஸி வாங்கினார்கள். அப்பா இன்னொருவருடைய ஃபிரிஜ்ஜுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவர் மாற்றலாகிப் போய்த் தவணையை நிறுத்திவிட, ஏழு மாதம் அப்பா சம்பளத்தில் பிடித்தார்கள். எங்கள் வீட்டில் ஃபிரிஜ் இல்லாத காலம் அது. கடையின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அன்றைக்கு எல்லாக் கடையும் அந்தத் தாளைத்தான் வைத்திருந்தது.

வாடகைக் கொள்முதல் முறையில் கடைசித் தவணைவரை சாமான் கடைக்குச் சொந்தம். வாங்குகிறவருக்குப் பாதுகாப்பாக வட்டிக்கு வரம்பு, பறிமுதலுக்கு நிபந்தனை எல்லாம் எழுதி 1972-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது ஒருநாளும் அமலுக்குக் கொண்டுவரப்படவில்லை. 2005-ல் அதை ரத்து செய்ய இன்னொரு சட்டம் இயற்றினார்கள். 33 வருஷம் சட்டப் புத்தகத்தில் அது தூங்கிக்கொண்டிருந்த காலம்தான் தமிழ்நாட்டுச் சமையலறைகள் மின்சாதனங்களால் நிரம்பிய காலம்.

காஸ் அடுப்பில் தேர்வு என்ற பேச்சே இல்லை. இந்தியன் ஆயில் 1965-ல் இண்டேனைக் கொண்டுவந்த பிறகும் இணைப்புக்குப் பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். எம்.பி. சிபாரிசுக்கு அலைந்தார்கள். அப்படிக் கிடைத்த இணைப்போடு அடுப்பையும் எங்களிடமே வாங்கு என்று ஏஜென்சி சொன்னால் மறுக்கிற துணிச்சல் யாருக்கு?

2006-க்குப் பின் வந்த தி.மு.க. அரசு இலவசமாகக் கலர் டி.வி.யும் காஸ் அடுப்பும் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்த நாளன்று, ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. இதைக் கேலி செய்து எழுதாத படித்தவர்கள் நம்மில் குறைவு. நானும் கேலி செய்தவன்தான். ஆனால் இந்தக் கட்டுரைக்காக யோசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அது குடும்பத்துப் பெண்களுக்கென்று அறிவிக்கப்பட்ட திட்டம். எங்களுடையது சர்க்கரைக் கார்டு, வரவில்லை. எதிர்வீட்டு அக்கா அரிசிக் கார்டு. வரிசையில் நின்று தன் கையால் வாங்கிவந்தாள். டெண்டரில் அரசாங்கம் தேர்ந்த சாமான்தான், அவள் தேர்ந்ததல்ல. ஆனாலும் அம்மாவுக்கு ஒரு சாதனமும் அந்த மாதிரி நேரடியாகக் கைக்கு வந்ததில்லை. 2012-ல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டபோது அந்த அக்கா கரண்ட் வரும் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு நடுராத்திரியில் அரைப்பாள். அந்தச் சத்தத்தில் தெருவே விழித்துக்கொள்ளும்.

எங்கள் பட்டியலுக்கு வருகிறேன். சமையலறை அலமாரிகள் செய்கிற காண்ட்ராக்டர், எல்லாச் சாதனங்களையும் தானே வாங்கிப் பொருத்தித் தருவதாகச் சொன்னார். அலைச்சல் மிச்சம், ஒரே பில் என்றார். எந்தக் கம்பெனி என்றதற்கு, "நல்ல கம்பெனிதான் சார்" என்றார். அவருக்குக் கடையில் கமிஷன் உண்டு என்பது ஒரு விஷயம். என்னைத் தயங்கவைத்தது வேறு. எல்லாம் ஒட்டுமொத்தமாக, இன்னொருவர் தேர்ந்து, ஒரே நாளில் வந்து இறங்குவது. சீர்வரிசை மறுபடி வருகிறது. இந்தத் தடவை மாமனார் காண்ட்ராக்டர்.

பெரிய ஷோரூம்களில் வட்டியில்லாத் தவணை என்று பலகை தொங்குகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைச் செயல்முறைக் கட்டணத்திலோ விலையிலோ ஒளித்துவைப்பது தவறு என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காது. வட்டி அந்த இடைவெளியில் இருக்கிறது. என் கவுண்டருக்கு மாதம் ஒரு முறையாவது யாராவது பாஸ்புக்கை நீட்டி, இந்த 500 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் எதற்குப் பிடித்தீர்கள் என்று கேட்பார்கள். தவணைத் தேதியில் கணக்கில் பணம் இல்லை என்பதற்கு. அனேகமாகப் பெண்கள். கடன் அவர்கள் பெயரில் இருக்கும், பணம் போட வேண்டியவர் மறந்திருப்பார்.

பேசிப்பேசிக் கடைசியில் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் என்று ஆயிற்று. குக்கர் பெரிய தெருப் பாத்திரக்கடையில், ஏனென்றால் காஸ்கெட்டுக்கு மறுபடி அங்கேதான் போக வேண்டும். அடுப்பும் சிம்னியும் கம்பெனியின் உள்ளூர் விற்பனையாளரிடம். சிம்னி பொருத்துவது தனி வேலை. புகைக் குழாய் ஒரு வளைவு கூடினாலும் உறிஞ்சுவது குறையும். தஞ்சாவூரிலிருந்து ஆள் வர வேண்டிய கடை வேண்டாம். மிக்ஸிக்கு விலையைவிட ஜாரின் பிளேடும் கப்ளரும் கிடைக்கிற இடம் முக்கியம். பெயரை நம்பி வாங்குவதில் அர்த்தம் குறைந்துவிட்டது. 1978-ல் சென்னையில் தொடங்கிய பிரீத்தி 2011-ல் பிலிப்ஸ் கைக்குப் போனது. பட்டர்ஃபிளை 2022-ல் கிராம்ப்டனுக்குப் போயிற்று. அட்டைப்பெட்டியில் பெயர் மட்டும் மாறாமல் இருக்கிறது. இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய் குறைவாக இருக்கிறது என்று மைத்துனன் காட்டினான். பழுதானால் யார் வருவார்கள் என்று என் மனைவி கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.

கிரைண்டருக்குக் கோயம்புத்தூர் போனோம், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. வேறொரு காரியமும் இருந்தது என்றாலும் அம்மாவிடம் கிரைண்டருக்காகத்தான் என்று சொன்னேன். ஆவாரம்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் கல் கொத்தும் ஓசை. 2022 ஜூலையில் கிரைண்டருக்கு ஜி.எஸ்.டி.யை 5-லிருந்து 18 சதவீதமாக்கியதில் வியாபாரம் பட்ட பாட்டை உரிமையாளர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வங்கியில் வேலை என்று நான் சொன்னது தப்பு. அம்மா அதற்குள் ஒரு கிரைண்டரின் மூடியை எடுத்து, குழவியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கல்லின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எஃகு உருளையை வெளிப்பக்கம் விரல் முட்டியால் தட்டினாள். அடுத்ததைத் தட்டினாள். மூன்றாவதில் என் மனைவியையும் கூப்பிட்டுத் தட்டச் சொன்னாள். "இது கொத்தினது போதும். ஆனா உருளைத் தகடு மெலிசு. கல்லு இதுலயும் தகடு அதுலயுமா கொடுக்கச் சொல்லு" என்றாள். உரிமையாளர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அவள் பக்கம் போனார். அரை மணி நேரம் ஆயிற்று. அம்மா 600 ரூபாய் குறைத்தாள். ஒரு தேங்காய்த் துருவியை இனாமாகக் கேட்டாள், அதுவும் கிடைத்தது.

பில் என் மனைவி பெயரில் போட்டார்கள். போன் நம்பர் கேட்டபோது அவள் தன் நம்பரைத்தான் சொன்னாள். பணம் என் கணக்கிலிருந்து. ஓ.டி.பி. என் போனுக்கு வந்தது.